விருந்தாளிக்கு வைத்த சொற்கள்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ‘ரேடியோ’. விடுதிகளின் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டபடியே வாய் ஓயாமல் பேசுவாள். எல்லோரிடமும் ஊர் மொழி; பக்கத்து மேசையில் நிற்கும் நாத்தனாரிடம் மட்டும் வீட்டுப் பேச்சு. அது காதில் விழுந்தால் போதும், மேஸ்திரி ஆரம்பித்துவிடுவார்.

“எங்க பேச்சையே உடைச்சு உடைச்சுப் பேசுறீங்க. இதுக்குப் பேரு பாஷையா?”

அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். அதனால்தான், சிறிய மொழிகளைக் குடும்பம் குடும்பமாக வகைப்படுத்தும் ஆராய்ச்சிக்காரி ஒருத்தி ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தபோது, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். ‘நம்முடையது தனி மொழி என்று இந்தப் பெண் வாயால் வரட்டும். அப்புறம் இருக்கிறது மேஸ்திரிக்கு!’

கண், கை, தண்ணீர், நெருப்பு, வா, போ. எந்த மொழியிலும் லேசில் மாறாத அடிப்படைச் சொற்கள். ஒவ்வொன்றையும் அந்தப் பெண் கேட்க, இவள் தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொன்னாள்.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். “அக்கா, முக்கால்வாசி ஊர் மொழிச் சொல்லாத்தான் இருக்கு. அந்த மொழியோட வட்டார வழக்குன்னுதான் எழுதணும்.”

“நான் படிக்காமலே சொன்னேனே!” என்றார் மேஸ்திரி.

ரேடியோ வாயடைத்து நின்றாள். அதை வேடிக்கை பார்த்த நாத்தனாரின் விரலில் இஸ்திரிப்பெட்டி பட்டுவிட்டது.

“கூரா!”

ரேடியோ பாய்ந்தாள். கையைக் காட்டு, தண்ணீரில் விடு, தோல் உரிந்துவிட்டதா பார். எல்லாம் வீட்டுப் பேச்சில் மடமடவென்று கொட்டியது. குழாயைத் திறந்துவிட ஓடிய ஆராய்ச்சிக்காரி அப்படியே நின்றுவிட்டாள்.

“கூரான்னா நெருப்பா? அன்னைக்கு வேற சொன்னீங்களே அக்கா?”

“விருந்தாளிகிட்ட வீட்டுப் பேச்சா பேசுவாங்க? படிச்ச பொண்ணாச்சேன்னு நல்ல வார்த்தையாப் பார்த்துச் சொன்னேன்.”

“ஐயோ, எனக்கு அந்த வீட்டு வார்த்தைதான் வேணும்!”

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? உட்காரு. மறுபடி ஆரம்பி.”

இந்த முறை செருமல் இல்லை. விரலைத் தண்ணீரில் வைத்தபடியே நாத்தனாரும் குறுக்கே புகுந்தாள். “மூக்குக்கு அப்படியா சொல்லுவோம்? அண்ணனைத் திட்டும்போது சொல்லுவீங்களே, அதைச் சொல்லுங்க அண்ணி.”

அடுத்த தடவை அந்தப் பெண் ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். ஊர் மொழியின் குடும்பம் ஒரு மூலையில். அவர்களுடையது வேறொரு குடும்பத்தில், தனிக் கிளையாக நின்றது. மலைகளுக்கு அப்பால் யாரோ பேசும் ஒரு மொழி அதற்குத் தூரத்துச் சொந்தமாம்.

மேஸ்திரி குனிந்து, இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே விரலை ஓட்டிப் பார்த்தார். “சரிதாம்மா. தனிக்குடித்தனம்தான்.”

“என் விரல் வெந்துதான் நம்ம பாஷை பொழைச்சுது. மறந்துடாதீங்க அண்ணி” என்றாள் நாத்தனார்.

ரேடியோ படத்தின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். அன்று முழுவதும் சலவைக்கூடமே அதிர வீட்டுப் பேச்சிலேயே பேசிக்கொண்டிருந்தாள். நாத்தனாரைத் தவிர ஒருவருக்கும் புரியவில்லை. ஒருவரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.