ஞானபாக்கியம் டீச்சரின் பிள்ளைகள்

“பிள்ளைக பசியோட இருக்கும், வாரேன்” என்று பாதிப் பேச்சில் எழுந்து ஓடுகிறார் ஞானபாக்கியம். ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துபவர், ஊருக்கு டீச்சர். பிள்ளைகள் என்று அவர் சொல்வது பாக்டீரியாக்களை. வீட்டு ஃப்ரிட்ஜில், தோசைமாவுக்குப் பக்கத்தில், வெல்லக் கரைசலில் வளர்கின்றன.

கணவர் ஐயாதுரை ஒருநாள் பானகம் என்று நினைத்து ஒரு டம்ளர் குடித்துவிட்டார். “எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று அவர் நடுங்க, டீச்சர் காலி டம்ளரைப் பார்த்துக் கண்கலங்கினார். “ஒங்களுக்கு என்ன? அதுகதான் ஒங்க வயித்துல பிழைக்க ஏலாது.”

இந்தப் பிள்ளைகளின் பூர்வீகம் காளிராஜின் சாயப்பட்டறை. பேண்டேஜ் துணி வெளுப்பதும் நூலுக்குச் சாயமேற்றுவதும் அங்கே தொழில். கழிவுநீர் தேங்கித் தேங்கிப் பின்புறத்து நிலத்தில் புல்கூட முளைக்காது. ஓரத்தில் ஒரே ஒரு புங்கை மட்டும் பச்சையாக நின்றது. ‘இது மட்டும் எப்படி?’ என்று டீச்சர் அதன் வேரைத் தோண்டினார். சாய விஷத்தைத் தின்று, மரத்துக்கும் தெம்பு கொடுக்கும் நுண்ணுயிர்கள் அதில் இருந்தன. அவற்றைப் பெருக்கி, புங்கங்கன்றுகளின் வேரை அந்தக் கரைசலில் நனைத்து அதே நிலத்தில் நட்டார். அது தொண்ணூற்றொன்றாம் வருடம்.

அத்தனையும் கருகின.

“ஒங்க பிள்ளைகளுக்கு நம்ம சாயம் ஒத்துக்கல டீச்சர்” என்று சிரித்தார் காளிராஜ். “இன்னொரு தடவை நட்டுப் பாருங்க. ஐப்பசி மழைக்குள்ள தழைக்கலேன்னா சிமெண்டு போட்டு மூடிருவேன்.”

மூடினாலும் அடியில் இருக்கும் விஷம் பக்கத்துக் கிணறுகளுக்குத்தான் போகும்.  டீச்சர் கருகிய கன்றைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். துணி வெளுக்கிற பிளீச்சிங் பவுடர் நெடி! எந்தக் கிருமியையும் அது விட்டுவைக்காது. நேராகப் பட்டறை ஆபீசுக்குள் போய், காளிராஜின் நாற்காலியையே தூக்கிவந்து கழிவுநீர் வாய்க்காலின் வாயில் போட்டு, குடை பிடித்து உட்கார்ந்துவிட்டார். “பிள்ளைக தலையில பிளீச்சிங் தண்ணியக் கொட்டுறீகளே, உருப்படுமா?”

கழிவுநீரைத் திறந்துவிட முடியாமல் பட்டறை நின்றது. உட்கார நாற்காலியும் இல்லாத காளிராஜ், பொழுது சாய்வதற்குள் அந்தத் தண்ணீரைத் தனித் தொட்டிக்குத் திருப்பச் சொன்னார்.

அடுத்த கன்றுகள் பிடித்துக்கொண்டன. மூன்று வருடத்தில், இப்போது சுற்றுச்சுவருக்கு மேலே தலை நீட்டுகின்றன. அடியில் அருகம்புல் படர்கிறது.

போன வாரம் நானும் டீச்சருடன் போயிருந்தேன். “நம்ம தோப்பு!” என்று பெருமையோடு வந்த காளிராஜ், ஒரு புங்கங்குச்சியை ஒடித்துப் பல்லில் வைத்து மென்றார்.

“துப்புங்க, துப்புங்க! ஒங்க சாயத்தக் குடிச்சு வளந்த மரம்யா அது! உள்ள எம்புட்டு ஏறியிருக்கோ!”

காளிராஜ் குழாயடிக்கு ஓடினார். டீச்சர் கீழே விழுந்த குச்சியை, எச்சிலோடு, தன் கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றிச் சோதனைக்கு எடுத்து வைத்துக்கொண்டார்.