படுவான்கரையில் நின்றுபோன சைக்கிள் பயணம்

மட்டக்களப்பு வாவியைச் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும் என்பது என் மனைவி சுகந்தியின் ஆசை. சென்ற வருடம் அவளுக்குப் பெரிய சத்திரசிகிச்சை ஒன்று நடந்தது. அதன்பின் சொந்தக்காரர்கள் அவளை ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. படி ஏறினால் பின்னாலேயே ஓடிவந்தார்கள். "சுகமாயிற்றன் எண்டு வாயால சொன்னா ஒருத்தரும் நம்புறாங்க இல்ல. சுத்திக் காட்டுறன்" என்றாள். வைத்தியர் சம்மதித்தபின் கொழும்பில் ஐந்து மாதம் விடியற்காலைகளில் சைக்கிள் ஓடிப் பழகினாள். ஆகஸ்ட் விடுமுறையில் கல்லடியிலுள்ள அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய் இறங்கினோம்.

நானும் தயாரானேன், என் பாணியில். களைத்துப்போனால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைகள், பிரஷர் பார்க்கும் கருவி, வைத்தியரின் இலக்கம். கல்லடியில் ஓர் ஓட்டோக்காரத் தம்பியிடமும் பேசி, "மனைவிக்கு ஏலாமல் போனால் கூப்பிடுவேன்" என்று சொல்லிவைத்தேன். எல்லாம் அவளுக்கு. எனக்கு என்ன தேவை? பள்ளிக்கூடக் காலத்தில் நாள்தோறும் எட்டு மைல் மிதித்த கால் அல்லவா! அந்தக் காலுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது, பல வருடமாக அது அலுவலக மேசைக்கடியில்தான் கிடக்கிறது என்பதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. "ஒருக்காவது என்னோட வந்து ஓடிப் பாருங்களன்" என்று சுகந்தி எத்தனையோ காலை கேட்டாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சுற்று ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். கல்லடிப் பாலம், நகரம், வலையிறவுப் பாலம் தாண்டினால் வவுணதீவு. அங்கிருந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வழியே தெற்கு நோக்கிக் கொக்கட்டிச்சோலை. பிறகு மண்முனைப் பாலத்தால் கிழக்குக் கரைக்கு வந்து, ஆரையம்பதி வழியாக மீண்டும் கல்லடி. வாடகைச் சைக்கிள் நாளுக்கு ஆயிரம் ரூபாய். ஐந்து மணிக்கே புறப்பட வேண்டும் என்றாள் சுகந்தி. ஆகஸ்டில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும், வெயில் ஏற ஏற அதுவும் பலக்கும். நான் எழும்பி, இடியப்பம் சாப்பிட்டு, இரண்டாம் தேத்தண்ணியும் குடித்துப் புறப்பட எட்டேகால் ஆகிவிட்டது.

வவுணதீவு வரை பேசிக்கொண்டே போனேன். அதற்கப்பால் பேச்சு நின்றது. அறுவடை முடிந்த வயல் வட்டைகளுக்கு நடுவே நேரான தெரு. ஒதுங்க நிழல் இல்லை, காற்றோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. சீட் சரியில்லை என்றேன், செயின் இறுக்கம் என்றேன். ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்ற கதைதான். சுகந்தி அடிக்கடி நின்று எனக்காகக் காத்திருந்தாள். அவள் முகத்தில் வியர்வையோடு ஒரு மலர்ச்சியும் இருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் நான் அதைக் கண்டதே இல்லை.

கொக்கட்டிச்சோலைக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் என் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டன. கண் இருண்டது. தெருவோர மருத மரத்தடியில் விழுந்து வாந்தி எடுத்தேன். அவளுக்கென்று கொண்டுவந்த ஜீவனியை அவளே கரைத்து எனக்குப் பருக்கினாள். ஓட்டோவையும் அவளே கூப்பிட்டாள்.

ஓட்டோ வந்தபோது நான் ஓரளவு தெளிந்து எழும்பி உட்கார்ந்திருந்தேன். தம்பி நேரே சுகந்தியிடம் போய், "என்னக்கா, ஏலாமப் போச்சா?" என்று கேட்டான்.

"எனக்கு ஒண்டுமில்ல தம்பி. இவர ஏத்துங்க. நான் ஓடி வாறன்."

"ஓடுங்கக்கா. மண்முனைப் பாலத்தால போனா இனிக் காத்து முதுகுப் பக்கம்தான். நான் பின்னால மெள்ள வாறன்."

பாலத்தில் மனைவி சைக்கிள் ஓட, பின்னால் நான் ஓட்டோவில் சாய்ந்தபடி ஊர்வலம் போகும் காட்சி மனதில் வந்தது. ஆரையம்பதிச் சந்தி முழுக்கப் பார்க்குமே! வெட்கம் பிடுங்கித் தின்றது. "வேண்டாம் தம்பி. அவளுக்கு உடம்பு சரியில்லை, இனி ஏலாது" என்றேன்.

தம்பி என் சைக்கிளை ஓட்டோவின் கூரையில் ஏற்றிக் கயிற்றால் கட்டினான். சுகந்தி தன் சைக்கிளைத் தானே தூக்கி அதன் பக்கத்தில் வைத்தாள்.

கூலி மூவாயிரத்து ஐந்நூறு. வீட்டு வாசலில் அக்கா பதறி ஓடிவந்தார். "இந்த அக்காவுக்கு ஏலாமப் போச்சாம்" என்றான் தம்பி, நான் சொன்னதை நம்பி. அக்கா தங்கையைக் கட்டிப்பிடித்து, "இந்த உடம்போட உனக்கு என்னத்துக்குடி இந்த வேலை?" என்று அழுதுவிட்டார். சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக் கூரைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பாதை நல்லது, ஏற்றம் இல்லை. ஆனால் கச்சான் மாதங்களில் சமதரையே மலையாகிவிடும். குறைந்தது இரண்டு மாதமாவது ஓடிப் பழகுங்கள், கடைசி வாரங்களில் ஒரேயடியாக முப்பது கிலோமீட்டர் ஓட முடிகிறதா என்று பாருங்கள். ஐந்து மணிக்குப் புறப்பட்டால் காற்று எழும்புமுன் கொக்கட்டிச்சோலையைப் பிடிக்கலாம். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும். சோடியாகப் போகிறவர்கள் யார் பலவீனமானவர் என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிட்டுப் போகாதீர்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான் பேசவில்லை.

அந்த ஞாயிறு கல்லடி மெதடிஸ்த கோயிலில் அக்கா கேட்டுக்கொண்டபடி சபை முழுவதும் சுகந்தியின் சுகத்துக்காக ஜெபித்தது. அவள் தலை குனிந்து நின்றாள். பக்கத்தில் நின்று நானும் ஆமென் சொன்னேன்.

அக்கா, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். அன்றைக்கு ஏலாமற்போனது எனக்குத்தான்.