பதினேழாம் டோக்கன்

முதல் நாளே அந்த டோக்கனை வேண்டாம் என்றேன். நான் செய்த தப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1. படகுத்துறைப் பலகை

எங்கள் தங்க வயலுக்கு ஒரு காலத்தில் குழாயில் தண்ணீர் அனுப்பிய ஏரியின் நடுவே ஒரு தீவு இருக்கிறது. நாலு ஏக்கர் பாறை, ஒரு கல் பங்களா, துருப்பிடித்த பம்பு அறை. சுரங்கம் மூடிய பிறகு ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் ஏழு பேர் கமிட்டி அமைத்து, அதை அரசிடம் குத்தகைக்கு வாங்கினார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. பார்க்க வருகிறவர்கள் தரும் கட்டணத்தில் மாரிகுப்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடக்கிறது. ஞாயிறுதோறும் அந்தப் பிள்ளைகளும் தீவுக்கு வந்து, பாறையையும் பறவையையும் நேரில் பார்த்துப் படிப்பார்கள்.

நான் பெங்களூரில் ஸ்டோர் கீப்பர். தினமும் போய்வருவதில் வாரத்தில் ஆறு நாள் ரயிலுக்குப் போய்விடும். ஏழாவது நாளை என்ன செய்வதென்று தெரியாமல், ஏழு பேரில் விலகிய ஒருவரின் இடத்தில் கமிட்டிச் செயலாளர் ஆனேன்.

கரையில், படகுத்துறையில் ஒரு மரப்பலகை. அதில் நாற்பது ஆணிகள், நாற்பது பித்தளை டோக்கன்கள். இது சுரங்கத்து வழக்கம். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குகிறவன் டோக்கனை எடுத்துப் போவான், ஏறி வந்ததும் மாட்டுவான். ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். தேடாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். அதையே எங்கள் கமிட்டிக்காரர்கள் தண்ணீருக்கும் கொண்டுவந்தார்கள். படகில் ஏறும்போது எடு, திரும்பி வந்ததும் மாட்டு.

படகோட்டி முனியப்பா பதினேழாம் டோக்கனை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குப்பா? நான் ஆளுங்கள எண்ணி அனுப்பறவன்."

"சுரங்கத்துல மேனேஜர் துரையே எடுத்துக்கினுதான் எறங்குவாராம் சார்."

சிரித்துக்கொண்டே அதை மேசை டிராயரில் போட்டேன். அன்று முதல் பதினேழாம் ஆணி காலி. ஒன்பது வருடத்தில் எல்லாருக்கும் அது பழகிப்போனது.

அந்த ஒன்பது வருடத்தில் கமிட்டியும் கரைந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். மூன்று பேர் பிள்ளைகளோடு பெங்களூருக்குப் போனார்கள். ஒருவர் படுக்கையில் விழுந்தார். ஏழு நாற்காலி போட்ட கூடத்தில் நான் மட்டும் உட்கார்ந்து தீர்மானம் எழுதி, நானே படித்து, நானே ஒப்புக்கொள்வேன். ஏரிக் காற்று மட்டும் சில சமயம் தாளைப் புரட்டி மறுப்புச் சொல்லும்.

2. கடைசிப் படகு

குத்தகை முடிகிற வருடம். திங்கட்கிழமை பத்தரைக்குத் தாலுகா ஆபீசில் விசாரணை. செயலாளர் நேரில் வராவிட்டால் தீவு ஏலத்துக்குப் போகும், வகுப்பும் நின்றுவிடும். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன்.

முந்தின நாள் ஞாயிறு. சாயங்காலம் மேகம் திரண்டது. வகுப்பு நடத்தும் ஸ்டெல்லா டீச்சர் பிள்ளைகளோடு, வேறோர் ஆள் ஓட்டிய முதல் படகில் கிளம்பினார். போனும் பைலும் இருந்த என் பை நனையக்கூடாதென்று அதையும் அவரிடம் கொடுத்தேன். "நான் அடுத்த படகுல வர்றேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் பம்பு அறை ஜன்னல்களைச் சாத்தப் போனேன். கடைசி ஜன்னலின் தாழ்ப்பாள் துருவேறி மக்கர் பண்ணியது. ஒருவழியாக அதைப் போட்டுவிட்டு வெளியே வந்தால், முனியப்பா ஓட்டிய கடைசிப் படகு பாதி ஏரியைக் கடந்திருந்தது.

கத்தினேன். காற்று என் குரலை என் முகத்திலேயே திருப்பி அடித்தது.

அந்த இரவைப் பற்றி எழுத அதிகமில்லை. மழை பெய்தது, நின்றது. யார் என்னைத் தேடுவார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டர்சன்பேட்டையில் நான் குடியிருப்பது ஒற்றை அறை. மனைவி மகளோடு சென்னையில். பேச்சு மாதத்துக்கு ஒரு தடவை. கம்பெனிக்கு நான் லீவு. ரயிலில் சீட்டு விளையாடுகிறவர்கள் என் பங்குச் சீட்டை வேறொருவனுக்குப் போடுவார்கள். நான் இல்லை என்று காட்ட இந்த உலகத்தில் எங்கும் ஓர் ஆணி காலியாகத் தெரியாது. தெரிந்த ஒரே ஆணியையும் நானே பொய்யாக்கி வைத்திருந்தேன்.

விடிந்தது. திங்கட்கிழமை தீவுக்கு விடுமுறை, படகு கிடையாது. ஒன்பது மணி வாக்கில் அக்கரையில் ஓர் உருவம். மழைத் தண்ணீரைப் படகிலிருந்து இறைக்க முனியப்பா வந்திருந்தார். சட்டையைக் கழற்றி வீசினேன்.

கிட்டே வந்ததும் அவர் கேட்டார்: "இன்னா சார், காலங்காத்தால வந்து நிக்கிறீங்க? எந்தப் படகுல வந்தீங்க?"

"நேத்து போனாத்தானேப்பா இன்னிக்கு வர்றதுக்கு!"

துடுப்பு அவர் கையில் அப்படியே நின்றது. "மொத படகுல டீச்சரோட போயிட்டீங்கன்னு நெனச்சேன் சார். போர்டையும் பாத்தேனே. பதினேழத் தவிர எல்லாம் மாட்டிக் கீது. பதினேழு எப்பவும் இருக்காதே."

அவர் மேல் தப்பில்லை. கரை சேர்ந்ததும் தாலுகா ஆபீசுக்கு ஓடினேன்.

3. ஏழு பேர்

ஆபீஸ் படி ஏறியபோது மணி பதினொன்றரை. மடியில் என் பையோடு ஸ்டெல்லா டீச்சர் பெஞ்சில் இருந்தார்.

"எங்க சார் போனீங்க? போன் பண்ணா உங்க பைக்குள்ளயே அடிக்குது! ரெண்டு தடவ பேர் கூப்ட்டாங்க. டீ குடிக்கப் போயிருக்காருன்னு பொய் சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு அந்தப் பிள்ளைங்களுக்கு உண்மை பேசுன்னு நான் எப்பிடிச் சொல்லித் தர்றது?"

அதிகாரி பைலைப் பார்த்துவிட்டு, சேறு ஒட்டிய என் பேண்டையும் பார்த்தார். கன்னடத்தில் கேட்டார்: "கமிட்டியில் ஏழு பேர் என்றிருக்கிறது. மற்ற ஆறு பேர் எங்கே?"

சொன்னேன். ஒவ்வொருவரையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆள் சேரவில்லை என்று ஒன்பது வருடம் புலம்பியவன், ஒருவரிடமும் வா என்று கேட்டதில்லை. என் தனிமையை நான் பதவி போல வைத்திருந்தேன்.

ஒரு வருடம் கொடுத்தார். அதற்குள் ஏழு பெயர், ஏழு கையெழுத்து. இல்லையென்றால் ஏலம்.

வெளியே வந்ததும் டீச்சரிடம் கேட்டேன். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்று திட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முனியப்பா தலையைச் சொறிந்துவிட்டுப் போட்டார். படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்குப் போய் அவரிடமும் வாங்கினேன். இதை எழுதும்போது நாலு பேர் இருக்கிறோம். இன்னும் மூன்று நாற்காலி காலி.

பொது வேலைக்கு வரும் இளையவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: டோக்கன் கொடுக்கிறவனும் டோக்கன் எடுக்க வேண்டும்.

இப்போதும் கடைசி ஆளாகப் பம்பு அறையைச் சாத்துகிறவன் நான்தான். இப்போதும் தாழ்ப்பாள் மக்கர் பண்ணுகிறது. அதோடு மல்லாடும்போது படகிலிருந்து முனியப்பாவின் குரல் வருகிறது. அந்த நேரத்தில் அவர் என்னை சார் என்று கூப்பிடுவதில்லை.

"யோவ் பதினேழு! ஒன்னாலதான்யா படகு நிக்கிது. வா, சீக்கிரம்!"

பேண்ட் பையில் பித்தளை டோக்கன் சில்லென்று தொடைமேல் படுகிறது. வருகிறேன் என்று கத்துகிறேன்.