போடாத துளை

ஊசி என் இரண்டாவது தங்கையின் மூத்த மகள். பெயர் வேறு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். வாயைத் திறந்தால் சுருக்கென்று இறங்கும், அதனால் ஊசி. எட்டு வயதில், எடை குறைத்துக் கட்டிய சர்க்கரைப் பொட்டலத்தை மூன்று தெரு தாண்டித் திருப்பிக் கொண்டுபோய், கடைக்காரரின் தராசிலேயே கொட்டிவிட்டு வந்தவள். இப்போது நாற்பத்தொரு வயதாகிறது. கோபத்துக்கு மட்டும் இன்னும் எட்டு வயதுதான்.

அவள் கார் ஓட்டிப் பிழைப்பவள். பழைய சின்ன கார், பெட்ரோல் வண்டி. காலையில் நான்கு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மாலையில் கூட்டிவருவாள். வண்டி அவள் புருஷன் வாங்கியது. அவன் என் சித்தப்பா மருமகனுக்கு அக்காள் மகன், தபால் பை பிரிக்கும் இடத்தில் வேலை. அந்தக் குடும்பத்தில் கார் வாங்கிய முதல் ஆள். ஞாயிற்றுக்கிழமை துணியும் வாளியுமாக இறங்கினால், கட்டிய பெண்டாட்டியைக்கூட அப்படித் தடவிக் கொடுத்திருக்க மாட்டான். போன வருஷம் வண்டியின் அடியில் துரு பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பூச்சு அடித்தான். வீட்டுக்கு வருகிற எல்லாரையும் குனிந்து பார்க்கச் சொன்னான். இடுப்பு வலியோடு நானும் குனிந்து பார்த்தேன்.

அவனுக்கு ஒரே தம்பி. பெட்ரோல் வண்டிகளைக் கேஸுக்கு மாற்றித்தரும் பட்டறை வைத்திருக்கிறான். அப்பா இல்லாத பிள்ளையை அண்ணன்தான் வளர்த்து ஆளாக்கினான். அண்ணன் நில் என்றால் நிற்பான், இரு என்றால் இருப்பான்.

பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று ஊசி ஒருநாள் புலம்பியதும் தம்பி பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, ரெண்டு நாள் வண்டிய என்கிட்ட விடுங்க. பாதிச் செலவுல ஓடும். கிளப்புறப்ப பெட்ரோல், இன்ஜின் சூடானதும் தானா கேஸுக்கு மாறிக்கும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

மூன்றாம் நாள் வண்டி வந்தது. டிக்கியில் ஸ்டெப்னி கிடந்த குழியில் வட்டமாக ஒரு கேஸ் தொட்டி. ஸ்டெப்னி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது. மேலே பாய் விரித்து மூடியிருந்தான். முன்னால் ஒரு சின்னப் பொத்தான், பச்சை விளக்கு. நன்றாகத்தான் ஓடியது.

நான்காம் நாள் காலையில் கதவைத் திறந்ததும் நாற்றம் அடித்தது.

புருஷனிடம் சொன்னாள். "புது வேலை. நாலு நாள் வாசனை இருக்கும், போயிடும்" என்றான். நாலு நாள் போயிற்று. நாற்றம் போகவில்லை. "உன் மூக்குக்கு எதுதான் நாறல? நான் சட்டை கழட்டினாலும் நாறும்பே" என்றான். அது உண்மைதான், ஆனால் அது வேறு பேச்சு.

பட்டறைக்கே போனாள். தம்பி முன்பக்கத்தைத் திறந்து, குழாய் சேரும் இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டினான்.

"ஒரு குமிழி வருதா பாருங்க. கசிஞ்சா குமிழி வரும். எல்லாம் மனசுதான் அண்ணி."

"மனசு நாறுமாடா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டே ஓட்டினாள். மழையில் பிள்ளைகள் நனைந்தார்கள். நனைந்த பையோடு பிள்ளை வந்தால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? பின்சீட்டில் உட்காரும் கடைக்குட்டி ஒருத்தி, ஆறு வயசு. அவள் அம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"என்னங்க, உங்க வண்டில வந்தா மட்டும் இவளுக்குத் தலை சுத்துது, வாந்தி வருதுங்கறா?"

ஊசிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு நாளாக ஒருத்தி நாறுகிறது, நாறுகிறது என்று கத்துகிறாள். ஆள் ஆளுக்கு அவள் மூக்கைக் குறை சொல்கிறார்கள். கேட்கிற எனக்கே ரத்தம் கொதிக்கிறது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

பிள்ளைகளைப் பள்ளியில் விட்டாள். நேரே பட்டறைக்குப் போனாள். கண்ணாடிகளை ஏற்றி, வண்டியை வெயிலில் நிறுத்திப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

அரை மணி நேரம் கழித்து எழுந்து பின்கதவைத் திறந்தாள்.

"ஏறு. பின்சீட்டுல உட்காரு."

"எதுக்கு அண்ணி?" சிரித்தான்.

"அந்தக் குட்டி தினமும் உட்கார்றா. நீயும் உட்காரு. உன் கைவேலைதானே, பயமா?"

பட்டறை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறினான். கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்று, கண்ணாடி வழியாக அவன் முகத்தையே பார்த்தாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சிரிப்பு போயிற்று. அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அவன் தேடவில்லை. தலையைத் திருப்பி நேராக டிக்கிப் பாயைப் பார்த்தான்.

தெரிந்தவன்தான் அப்படிப் பார்ப்பான்.

அவனை இறக்கிவிட்டு, கதவு நான்கையும் அகலத் திறந்து, பாயைப் பிடித்து இழுத்தாள். தொட்டியின் வாயை மூடியிருந்த டப்பாவிலிருந்து விரல் தடிமனில் ஒரு குழாய் வந்து, ஸ்டெப்னிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. குழாயின் திறந்த வாய் டிக்கிக்குள்ளேயே இருந்தது.

"இது எங்க போகணும்?"

"அடித்தகட்டுல துளை போட்டு... வெளிய விடணும்."

"ஏன் விடல?"

காலால் தரையைத் தேய்த்தான். "அண்ணன்தான் தகட்டுல ஓட்டை போடாதேன்னாரு. புதுப் பூச்சாம், தண்ணி ஏறுமாம். தொட்டி வாயில உள்ள ரப்பர் வளையம் கசிஞ்சாத்தானே குழாய்க்கு வேலை, கசியாதுன்னு நெனச்சேன்."

"சோப்புத் தண்ணி இங்க ஏன் தடவல?"

அவன் குனிந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"அண்ணன் சொன்னா கிணத்துல குதிப்பியா? குதி! நாலு வீட்டுப் பிள்ளைங்கள ஏன்டா கூட்டிட்டுக் குதிக்கிற?"

தெருவுக்குப் போய்ப் புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் துரு, மழை என்று ஆரம்பித்தான்.

"பிள்ளைங்க மூச்சு முட்டினா பரவால்ல, உங்க தகட்டுல ஒரு ஓட்டை விழக்கூடாது, அப்படித்தானே? இப்ப இங்க வர்றீங்க. இல்லன்னா வண்டிய இப்படியே ஓட்டிட்டு வந்து உங்க ஆபீஸ் வாசல்ல நிறுத்திடுவேன்."

வந்தான். அதற்குள் தொட்டியின் வால்வை மூடி அதைக் கழற்றி, வெளியே தூரத்தில் வைத்து, டிக்கியைக் காற்றாட விட்டிருந்தார்கள். வளையம் ஓரம் நசுங்கி இருந்தது. தம்பி துளை போடும் மெஷினை எடுத்தான். ஊசி அதைப் பிடுங்கிப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"நீங்க போடுங்க."

கறுப்புப் பூச்சைத் துளைத்துக்கொண்டு மெஷின் முனை மறுபக்கம் இறங்கியபோது அவன் கண்ணை மூடிக்கொண்டானாம். வளையத்தை மாற்றி, குழாயை வெளியே விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவவைத்தாள். தானே குனிந்து பார்த்தாள். பிறகும் கண்ணாடியை ஏற்றி அரை மணி வெயிலில் வைத்துவிட்டு, பின்சீட்டில் புருஷனை உட்காரவைத்தாள்.

இதோடு விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. புருஷனும் அதைத்தான் சொன்னான். "சரியாயிடுச்சுல்ல, எதுக்குப் போய்ச் சொல்லிக்கிட்டு?"

அன்று மாலை பிள்ளைகளை வீட்டில் விடும்போது நான்கு வாசலிலும் இறங்கிச் சொன்னாள். பன்னிரண்டு நாள் கேஸ் கசிந்தது, தெரிந்தும் ஓட்டினேன், இன்றுதான் சரிசெய்தேன் என்று. பக்கத்து சீட்டில் புருஷனை உட்காரவைத்தே கூட்டிப்போனாள். மூன்று வீட்டில் முகம் சுளித்தார்கள், அதோடு விட்டார்கள். கடைக்குட்டியின் அம்மா விடவில்லை. தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். "நாறுதுன்னு தெரிஞ்சே எம்பிள்ளைய ஏத்தினியா? நீயும் ஒரு பொம்பளையா? இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே!"

அந்த அம்மா முடிக்கும்வரை ஊசி நின்று கேட்டுவிட்டு, வந்து வண்டியில் ஏறினாள்.

"என்ன அந்தம்மா இந்தக் கத்து கத்துது?" என்றான் புருஷன்.

"கத்தட்டும்" என்றாள். "அவ இடத்துல நான் இருந்திருந்தா அடிச்சிருப்பேன்."