மாமி சொன்ன பதில்

எங்கள் தெரு மதரசாவில் யாஸீன் சூராவைப் பார்க்காமல் ஓதத் தெரிந்த ஒரே பெண்பிள்ளை நான்தான். இதை நான் போய்ச் சொல்லாத வீடு தக்கலையில் அனேகமாக இல்லை. மீலாது விழாப் போட்டியில் அந்தச் சூராவை ஓதி ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியிருந்தேன். அதில் சோறு கொண்டுபோக மனம் வராமல், சுற்றியிருந்த வண்ணத்தாளோடு அலமாரியில் வைத்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவேன். காட்டிய கையோடு, அவர்கள் கேட்பதற்கு முன்பே ஓதவும் தொடங்கிவிடுவேன். குர்ஆன் ஓதும்போது யாரும் எழுந்து போக முடியுமா? வந்தவர்கள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னால் இருக்கும் சாயா ஆறிப்போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

என் ஓதலில் சலிக்காத ஒரே ஆள் மாமா. உம்மாவின் மூத்த அண்ணன். வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்துவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் குலைகள் தொங்கும் அறைக்குக் கூட்டிப்போய் ஓதச் சொல்வார். "நீ ஓதினா ஏத்தங்காய் தன்னால பழுக்குது மக்கா" என்பார். அதை நான் அப்படியே நம்பினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றிரண்டு காய் மஞ்சளாகத்தான் இருக்கும். என் ஓதலுக்கு அப்படியொரு சக்தி இருக்கிறது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

அந்த மாமா ஒரு நாள் லாரியிலிருந்து குலை இறக்கிக்கொண்டிருக்கும்போது சரிந்து விழுந்தார். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டு, மூச்சுவிடும் மிஷினோடு இணைத்தார்கள். கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் விரல்கூட அசையவில்லை.

மாமி வீட்டில் பெண்கள் கூடினார்கள். நடுவில் புளியங்கொட்டைகளைக் குவித்து, மாமாவுக்குக் குணமாக வேண்டி நபியை வாழ்த்தும் ஸலவாத்து ஓதி, ஓதிய கொட்டையை ஓரமாக ஒதுக்கிவைத்தார்கள். எனக்கும் ஒரு கைப்பிடி கொட்டை கொடுத்தார்கள். இவ்வளவு திறமையுள்ள என்னைக் கொட்டை ஒதுக்கும் வேலைக்கு வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் போட்டிக் குரலில் யாஸீனைத் தொடங்கினேன்.

புளியங்கொட்டைச் சத்தம் அப்படியே நின்றுவிட்டது. உம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். பொத்திய கையாலேயே கன்னத்தில் ஒரு கிள்ளும் கிள்ளினாள். மாமி மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

யாஸீனை எந்த நல்ல காரியத்துக்கும் ஓதலாம் என்றுதான் மதரசாவில் சொல்லித்தந்திருந்தார்கள். அது உண்மையும்கூட. ஆனால் நோயாளி கிடக்கிற வீட்டில் ஓதினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். இனி இவர் பிழைக்கப்போவதில்லை, சிரமமில்லாமல் போகட்டும் என்று வீட்டார் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார்கள் என்று பொருள். இந்தப் பகுதியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. என் திறமையின் மேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நாட்கள் போயின. மூளை இனி மீளாது என்று டாக்டர் சொன்னார். வேறு இரண்டு டாக்டர்களை வரவழைத்துக் காட்டினார்கள்; அவர்களும் அதையே சொன்னார்கள். மிஷினிலேயே வைத்திருக்கலாம், அல்லது வீட்டுக்குக் கொண்டுபோய், எல்லாரும் பக்கத்தில் இருக்கும்போது மூச்சை அதன் போக்கில் விட்டுவிடலாம், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

மாமாவுக்கு ஒரே மகன். எனக்கு மச்சான். சவூதியில், தம்மாமில் வேலை. பாஸ்போர்ட் கம்பெனியின் கையில், லீவு எப்போது கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது. போனில் அவர் அழுவது அடுத்த அறைவரை கேட்டது. "உம்மா, மிஷினை எடுக்கக் கூடாது. அது கொலையாக்கும். நான் வந்து வாப்பாவைப் பாக்கணும்." மாமாவின் தம்பி எனக்குச் சின்ன மாமா, மச்சானுக்குச் சாச்சா; அவரும் மாமியிடம் அதையே சொன்னார். "மயினி, மூச்சு ஓடிக்கிட்டிருக்கும்போ நாம நிறுத்தினா நாளைக்கு அல்லாகிட்ட என்ன பதில் சொல்லுவிய?"

மாமி பள்ளிவாசல் உஸ்தாதை வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். அவர் முன்னறையில் உட்கார, மாமி வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நேரடியாகக் கேட்டாள். "உஸ்தாதே, மிஷினை எடுத்தா நான் கொலைகாரியா?"

உஸ்தாத் தாடியைத் தடவிக்கொண்டார். இது பெரிய விஷயம், தன்னை ஓதவைத்த பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார்.

"வைத்தியம் பாக்கது நல்ல காரியம் உம்மா. ஆனா இனி பலனில்லைன்னு நம்பிக்கையான டாக்டர்மாரு உறுதியாச் சொன்ன பெறவு அதை நிறுத்தினா, அது கொலை ஆவாது. ஊசி போட்டு உயிரை எடுக்கதுதான் ஹராம். வாயை நனைக்க தண்ணி, வலிக்கு மருந்து, உடம்பைச் சுத்தமா வைக்கது, இதுல ஒண்ணையும் நிறுத்தக் கூடாது. மிஷினை எடுக்கவே கூடாதுன்னு சொல்லக்கூடிய, மார்க்கம் படிச்ச ஆலிம்களும் உண்டு. அதனால வச்சிருந்தாலும் உங்க மேல குத்தமில்லை, எடுத்தாலும் குத்தமில்லை."

"அப்பம் நான் என்ன செய்யட்டு?"

"அதை நான் சொல்ல முடியாதும்மா. மார்க்கம் ரெண்டு வழியையும் தெறந்துதான் வச்சிருக்கு."

"ஒண்ணை அடைச்சிருந்தா எனக்கு எளுப்பமா இருந்திருக்கும்" என்றாள் மாமி.

அன்று இரவு முழுக்க அவள் தொழுகைப் பாயை விட்டு எழவில்லை. மறுநாள் காலையில் எழுந்து வந்து, முன்னறையில் கட்டிலைப் போடச் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது தெருவே வெளியில் நின்றது. மாமாவோடு கூடவே ஓர் ஆண் நர்ஸும் வந்தார். குலசேகரத்துக்காரர், அடர்த்தியான மீசை. மிஷினுக்குப் பதிலாக ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி, நாகர்கோவிலிலிருந்து வழியெல்லாம் மாமாவுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். கட்டிலில் கிடத்தும்போது, தலையை வடக்குப் பக்கம் வைக்கச் சொன்னதும் தயங்கினார். "வடக்கே தலை வைக்கலாமாம்மா? எங்க பக்கத்துல வைக்கமாட்டாவ."

"எங்களுக்கு அதாக்கும் சரி. வலப்பக்கமா லேசா சரிச்சா முகம் மேற்கே மக்கா இருக்க கிப்லாவைப் பாக்கும்" என்றாள் மாமி. அவர் பையை அமுக்கியபடியே, ஒரு முழங்காலால் தலையணையை நகர்த்தி, பக்குவமாகச் சரித்து வைத்தார்.

உம்மா மாமாவின் உதட்டை மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரில் நனைத்துவிட்டு, யாஸீன் ஓதத் தொடங்கினாள். முதல் சில வசனங்களைத் தாண்டவில்லை. குரல் உடைந்து, முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்து ஓதிய சின்ன மாமாவும் அதே இடத்தில் நின்றுபோனார். இவர்களுக்கு மனப்பாடம் போதாது என்று நான் முடிவு செய்தேன். உஸ்தாத் ஓதுவதற்காக முன்னால் வந்தார். மாமி கை காட்டி நிறுத்தினாள்.

"பிள்ளை ஓதட்டு. அவியளுக்கு அவளுக்க ஓதல்தான் பிடிக்கும்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீ ஓது மக்கா. என்ன நடந்தாலும் நிறுத்தாம ஓது."

அந்த நேரத்தில் எனக்கு வந்த பெருமையை எந்த டிபன் பாக்ஸும் தந்ததில்லை. என்னைக் கிள்ளிய உம்மா பார்த்துக்கொண்டிருக்க, கொட்டை ஒதுக்கிய பெண்களெல்லாம் வாசலில் நிற்க, கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதினேன். ஏத்தங்காயைப் பழுக்கவைத்த ஓதல், மாமாவை எழுப்பாமலா போய்விடும்? ஓர் எழுத்துப் பிசகாமல், மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்து, நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி ஓதினேன்.

பாதி சூராவில் நர்ஸ் தலை நிமிர்ந்து பார்த்தார். "நிறுத்தட்டுமா? யாராவது சொல்லணும்."

யாரும் சொல்லவில்லை. சின்ன மாமா தரையைப் பார்த்தார். என் வாப்பா சுவரைப் பார்த்தார். வழி சொன்ன உஸ்தாதும் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸின் கை பையை அமுக்கிக்கொண்டே இருந்தது. அந்த அறையில் என் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மாமி கட்டிலருகே மண்டியிட்டு, மாமாவின் காதில், கடைசி நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொன்னாள். அவர் நெற்றியில் கையை வைத்தாள். பிறகு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல நிதானமாக, "போதும் மோனே. கையை எடு" என்றாள்.

நர்ஸ் பையை அகற்றினார். நான் நிறுத்தாமல் ஓதி முடித்தேன். முடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால், மாமாவின் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது! பையும் இல்லை, மிஷினும் இல்லை, மாமா மூச்சு விடுகிறார்! நான் துள்ளி எழுந்து வெளியே ஓடி, தெருவில் நின்றவர்களிடம் கத்தினேன். "மாமா தானா மூச்சு விடுதாவ! நான் ஓதினதுல மாமா மூச்சு விடுதாவ!"

யாரும் சந்தோஷப்படவில்லை. ஒரு பெரியவர் என் தலையில் கை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தியில் மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் மாமா போய்விட்டார்.

எங்கே பிசகினேன் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன். நடுவில் ஓரிடத்தில் நீட்டல் கொஞ்சம் குறைந்துபோனதாகத் தோன்றியது. அவமானமாக இருந்தது. ஆனால் துக்கம் கேட்க மையத்து வீட்டுக்கு வந்த பெண்களெல்லாம் என்னைத் தேடிப் பிடித்து, கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தார்கள். "இந்தப் பிள்ளை ஓத ஓதத்தான் அவிய சொகமாப் போனாவ" என்று மாமி எல்லாரிடமும் சொன்னாள். தோற்றுப்போனவளுக்கு எதற்கு இத்தனை முத்தம் என்று எனக்கு விளங்கவேயில்லை.

மச்சான் வந்து சேர்ந்தபோது மாமாவின் கபரில் மண் காய்ந்திருந்தது. நேராக மாமியின் அறைக்குத்தான் போனார். புருஷன் போனபின் வெளியே வராமல் மாமி இத்தா இருந்த அந்த அறையில் பேச்சுத்துணைக்கு என்னையும் வைத்திருந்தார்கள். ஒட்டகப் படம் போட்ட கம்பளிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே மச்சான் கேட்டார்.

"கையை எடுக்கச் சொன்னது யாரு? டாக்டரா? உஸ்தாதா? சாச்சாவா? பேரைச் சொல்லுங்க உம்மா, நான் போய்க் கேக்குறேன்."

"நானாக்கும்" என்றாள் மாமி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேள்விக்குப் பதில் தெரிந்தும் தப்பாகச் சொன்னால் எப்படி? முந்திக்கொண்டு நான் சொன்னேன். "இல்ல மச்சான், உஸ்தாதாக்கும் குத்தமில்லைன்னு சொன்னாவ. டாக்டர்மாரும் சொன்னாவ. நான் இங்கதான் நின்னேன்."

"ஏட்டி, சும்மா இரி" என்றாள் மாமி. "அவிய எல்லாரும் வழி சொன்னாவ. அந்த வழியில நடந்தது நானாக்கும்." பிறகு மகனைப் பார்த்து, "கோவம் இருந்தா என்கிட்ட கோவிச்சுக்கோ மோனே. வேற எங்கயும் போவாண்டாம்" என்றாள்.

மச்சான் கோபித்துக்கொண்டார். என்னவெல்லாமோ சொன்னார். கடைசியில் அவர் பையைக் கீழே போட்டுவிட்டு, அவள் மடியில் முகத்தை வைத்து அழுதார்.

மார்க்கத்தின் பேரையோ மருத்துவத்தின் பேரையோ சொல்லி மாமி எளிதாகத் தப்பித்திருக்கலாம். சொல்லியிருந்தால் பொய்யும் இல்லை. ஆனால் பள்ளிவாசலின் மேல் வைத்த கோபமோ ஆஸ்பத்திரியின் மேல் வைத்த கோபமோ அவ்வளவு சீக்கிரம் ஆறாது. பெற்றவள் மேல் வைத்தால் அழுது தீர்த்துவிடலாம். அதனால் எல்லாவற்றையும் தன் மேல் போட்டுக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் படித்தவர்கள், ஹஜ்ஜுக்குப் போனவர்கள், ஜமாஅத்தில் பதவி வகித்தவர்கள் உண்டு. ஆனால் எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரிடமாவது பெருமையாகச் சொல்ல வேண்டுமென்றால் நான் மாமியைத்தான் சொல்வேன்.

இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு மாமியை நினைத்துக் கவலையாகத்தான் இருந்தது. அடுக்களைக்கு ஓடி, உம்மாவின் காதில் ரகசியமாகச் சொன்னேன். "உம்மா, மாமிக்கு நெனவு தப்பிப்போச்சு. உஸ்தாத் சொன்னது ஒண்ணும் ஞாபகமில்லை."

உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்த சாயாவை ஒரு டம்ளரில் ஊற்றி, "கொண்டுபோய் மாமிக்குக் குடு" என்றாள். மறதிக்குச் சாயா நல்லது போலிருக்கிறது என்று நினைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோனேன்.