நீலப் பொப்பியின் முதல் மொட்டு

இந்த நாட்டில் சில விதைகளுக்கு முதலில் குளிரைக் காட்டவேண்டும். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில், பால் பைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில், ஈரத்தாளில் மடித்த நீலப் பொப்பி விதைகள் நான்கு கிழமை கிடந்தன. இமயமலைச் சரிவுகளில் வளரும் செடி. ஒரு பனிக்காலம் கழிந்துவிட்டது என்று நம்பினால்தான் விதை முளைக்குமாம். மனைவி சுகந்தி மடிப்பை விரித்துப் பார்த்துவிட்டு, கசகசாவை யாராவது இப்படி நனைத்து வைப்பார்களா என்று கேட்டார். கசகசாவுக்குத் தூரத்து உறவுதான் என்றேன். குறிப்பேட்டில் அன்றைய திகதியைப் போட்டு, கறியில் சேராமல் தப்பியது என்றும் எழுதிவைத்தேன்.

விதை தந்தவர் பக்கத்து வீட்டு மொய்ரா. இளம் வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர். மழையும் மூடுபனியுமான அவருடைய ஊரில் இந்தப் பூ தோட்டந்தோறும் செழிக்குமாம். ரொறன்ரோவின் யூலை வெயில் அவருடைய செடிகளை இரண்டு தடவை, பூக்குமுன்னே கொன்றுவிட்டது. இப்போது முழங்கால் மடங்குவதில்லை என்று சொல்லி, மீதி விதைகளை என்னிடம் தந்தார்.

தட்டில் விதைத்த பத்தொன்பதாம் நாள் முப்பத்தொரு முளைகள். பாதிக்கு மேல் என் கையாலேயே செத்தன. மிளகாய்ப் பாத்திக்கு ஊற்றிய பழக்கத்தில் பின்னேரங்களில் மேலாலே தண்ணீர் விட்டேன், குருத்து அழுகிவிட்டது. எஞ்சியவற்றை வீட்டின் வடக்குப் பக்கம் நட்டு, சுகந்தியின் பழைய, மெல்லிய வொயில் சேலையை நிழலுக்குக் கட்டினேன். வீட்டை விற்று அஜக்ஸ் நகருக்குப் போன நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "உதில ரெண்டு கத்தரி நட்டிருந்தாலாவது கறி வைக்கலாம், அண்ணை" என்றார். இரண்டு கோடைகள் கழிந்தபோது ஒரேயொரு செடி மிஞ்சியது.

மூன்றாம் வருட மே மாதத்தில் அதில் மொட்டு வந்தது. சிக்கலும் அதோடு வந்தது. வேரடியில் பக்கக் குருத்து வைக்குமுன் பூத்தால், இந்தச் செடி பெரும்பாலும் அந்தப் பூவோடு முடிந்துபோகும். முதல் மொட்டைக் கிள்ளிவிட்டால் பல வருடம் வாழலாம். ஆனால் மொய்ரா வீட்டை விற்றுவிட்டார். யூன் முடிவில் ஹலிபாக்ஸிலுள்ள மகளிடம் போகிறார். ஊரைவிட்டு வந்தபின் அந்த நீலத்தை அவர் கண்டதில்லை. கிள்ளினால் செடி பிழைக்கும், அவர் பார்க்கமாட்டார். விட்டால் அவர் பார்ப்பார், செடி போய்விடும். வேலிக்கு அப்பால் நின்று, தன்னைப் பற்றி யோசிக்காமல் கிள்ளிவிடும்படி அவரே சொன்னார்.

ஒன்பது நாள் அந்த மொட்டின் முன்னால் போய்ப் போய் நின்றேன். எங்கள் ஊரில் அப்பாவின் புகையிலைத் தோட்டத்தில், இலை தடிக்கவேண்டும் என்பதற்காகப் பூ நுனிகளை முறித்து எறிவோம். பள்ளிக்கூடம் விட்டுவந்து ஒரு பின்னேரத்தில் வரிசை வரிசையாக முறித்திருக்கிறேன். ஒன்றுக்கும் கை கூசியதில்லை. இங்கே ஒரே ஒரு மொட்டு. கை போகவில்லை.

பத்தாம் நாள், வியாழக்கிழமை, வேலையால் வந்து பார்த்தபோது தண்டின் நுனி வெறுமையாக இருந்தது. மொட்டு சாமியறையில், பிள்ளையார் படத்துக்கு முன்னால், செம்புத் தண்ணீரில் நின்றது. வெள்ளிக்கிழமைப் பூவை முதல்நாள் பின்னேரமே ஆய்ந்து தண்ணீரில் வைப்பது சுகந்தியின் வழக்கம். அது எனக்குத் தெரியாததல்ல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று குரலை உயர்த்தினேன்.

"புதுச் செடியின்ர முதல் பூ சாமிக்குத்தானே," என்றார் அவர். "மூண்டு வருஷமா நீங்கள் அதைத்தான் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறியள். பிள்ளையாருக்கு ஒண்டு வைச்சால் என்ன?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் விளங்கியது: நான் செய்யவேண்டியிருந்ததை அவர் செய்துவிட்டார்.

வெள்ளி காலை மொட்டு செம்பில் விரிந்திருந்தது. நான்கு இதழ்கள், நடுவில் பொன்னிற மகரந்தம். அந்த நீலத்தை எழுத என் குறிப்பேட்டில் சொல்லில்லை. திகதி மட்டும் இருக்கிறது. நான் போய் மொய்ராவை அழைத்துவந்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தலையை மூடவேண்டுமா என்று கேட்டு, தேவையில்லை என்றதும் உள்ளே வந்தார். பூவுக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார். தனக்காகவே பூவை வெட்டி வைத்தோம் என்று நினைத்துச் சுகந்தியின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். சுகந்தி பிள்ளையாரைக் காட்டி, இது அவருடையது என்றார். மொய்ராவுக்கு அதுவும் ஓர் உபசாரமாகவே கேட்டிருக்கவேண்டும். படத்தைப் பார்த்து ஒரு தடவை தலை குனிந்தார். நாங்கள் திருத்தவில்லை. புறப்படும்போது சுகந்தி ஓர் இதழைக் கழற்றி, கோயில் பூவைச் செருகுவதுபோல, அவருடைய காதோரத்தில் செருகிவிட்டார்.

இந்த ஏப்ரலில் பனி கரைந்ததும் வேரடியில் மயிர் படர்ந்த இரண்டு முளைகளைக் கண்டேன். மொய்ராவுக்குப் படம் அனுப்பினேன். ஹலிபாக்ஸில் கோடையிலும் கடல்மூட்டம்தான், அங்கே இந்தச் செடி கஷ்டமில்லாமல் வாழும் என்று எழுதியிருந்தார். தரும்படி கேட்கவில்லை. ஒன்றைப் பிரித்து அனுப்பலாம் என்று நானாகவே கத்தியோடு போய்க் குந்தி, மண்ணை விரலால் விலக்கினேன். மேலே தெளிவாக இரண்டு முளைகள். கீழே எந்த வேர் எதனுடையது என்று தெரியவில்லை. வெட்டவேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டு, குளிர்ந்த மண்ணுக்குள் கையை வைத்தபடி இருந்தேன்.