வளையம் வந்த பங்குனி

எழுபதுகளில் ஒரு பங்குனிக் காலை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக் கூடாரத்தில் இருந்தவர்கள்: பறவைக் காலில் வளையம் மாட்ட வந்த ஆபீசர். அவருடைய ஜீப் டிரைவர். சமைக்க வந்த என் அண்ணி. வலை போடும் நான். மேசைமேல் பிரிக்காத பார்சல் ஒன்று.

பார்சலில் அலுமினிய வளையங்கள். கார்த்திகையில் வந்திருக்க வேண்டியவை, இப்போதுதான் வந்து சேர்ந்தன. அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஏரி பாதிக்குமேல் சேறு. வடக்கே இருந்து வரும் கிளுவை என்கிற சின்ன வாத்துகளுக்கு வளையம் மாட்டி அனுப்பினால்தான் அவை எங்கே போகின்றன என்று தெரியும். பேருக்கு ஒன்றிரண்டு மாட்டிச் சீசனை முடித்தால் இந்த ஏரியில் இனிக் கூடாரம் கிடையாது என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் வற்றி வெயிலும் ஏறிவிட்டது, இரண்டொரு நாளில் எல்லாம் கிளம்பிவிடும் என்று ஆபீசரே நம்பினார். கூடாரத்தைப் பிரிக்கச் சொன்னார்.

அன்று வலையில் ஒரே ஒரு கிளுவை. அண்ணி அதைக் கையில் வாங்கி மாரெலும்பைத் தடவினாள்.

“சார், வெறும் எலும்புதான் கீது. இத்த வச்சிக்கினு எந்தூருக்குப் போவும்?”

“வெயில் ஏறிடுச்சும்மா. நிக்காது.”

“வெயிலுக்கு ஓடறது உங்க டிரைவரு. இது ஓடாது.”

“என்ன ஏம்மா இழுக்கற?” என்றார் டிரைவர்.

வேட்டைக்காரர்கள் சுட்டுக் கொண்டுவரும் வாத்துகளுக்கு இறகு பறிப்பது பிறந்த வீட்டில் அண்ணியின் வேலை. நல்ல மழை வருஷத்தில் மாசியிலேயே தோலுக்கடியில் கொழுப்பு மஞ்சளாக நிற்குமாம். அவை சீக்கிரம் போய்விடுமாம். மழையில்லாத வருஷத்தில் இளைத்துக் கிடந்து, தேறின பிறகுதான் கிளம்புமாம். சித்திரையில்கூடப் பறித்திருக்கிறாளாம்.

ஆபீசர் படித்தவர். கோபித்துக்கொள்ளவில்லை. பறவையின் கழுத்துக்குழியில் வாயால் ஊதி இறகை விலக்கிப் பார்த்தார். மஞ்சள் இல்லை. “கூடாரம் இருக்கட்டும்” என்றார். தன் பொறுப்பில் தங்குவதாக மேலிடத்துக்குத் தபால் எழுதினார்.

நான்கு நாள் வலை காலி. “யம்மா, உன் கிளுவை டாட்டா காட்டிட்டுப் பூடுச்சி” என்றார் டிரைவர். அன்று அவர் தட்டில் மட்டும் மீன் விழவில்லை.

ஐந்தாம் நாள் விடியலில், கிணற்றுப் பாசன வயல் பக்கமிருந்து அவை கூட்டமாக வந்து சேற்றில் இறங்குவதைப் பார்த்தேன். ராத்திரியெல்லாம் நெல் தின்றிருக்கின்றன. வலையை அந்த வழிக்கு மாற்றினேன். மறுநாள் கைகொள்ளவில்லை.

அண்ணி பிடித்துக்கொள்வாள். ஆபீசர் வளையம் மாட்டுவார். டிரைவர் எடை பார்த்து எழுதுவார். நாளுக்கு நாள் எடை ஏறியது. சித்திரை பிறந்து ஐந்தாறு நாள் கழித்து, “மஞ்சள் வந்துட்ச்சி சார். மிச்சத்த சுருக்கா மாட்டிடுங்க” என்றாள். மாட்டினோம்.

மூன்றாம் நாள் தெற்குக் காற்று எழுந்தது. பொழுது சாயும் நேரம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. ஏரிக்குமேல் ஒரு சுற்று, பிறகு நேர் வடக்கு. டிரைவர் துண்டைத் தூக்கி வீசினார். அண்ணியைப் பார்த்துப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார்.

“போதும் போ, டீயக் குடி” என்றாள் அண்ணி.

அவள் இப்போது இல்லை. என் மகனுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. லைனில் இன்றைக்கு எத்தனை வண்டி இறக்கினோம் என்று வந்து சொல்வான். நானும் என் எண்ணைச் சொல்வேன்.

அண்ணி கைவழியாக வளையத்தோடு வடக்கே போன கிளுவை, முந்நூற்றுப் பன்னிரண்டு.